ஆட்டுப் புழுக்கையில் முளைத்தது

போன மாதம் பக்கத்து ஊர் நண்பர் ஒருவர் ஒரு படம் அனுப்பியிருந்தார். மாலை போட்ட ஜேசிபி. அதன் முன்னால் இருபது முப்பது பேர், வெள்ளை வேட்டியும் சட்டையுமாக. பின்னால் கண்மாய்க் கரை, கரை நெடுகக் கருவை. 'எங்க ஊர்லயும் கருவை எடுக்க ஆரம்பிச்சாச்சு, உங்களால முடிஞ்சதை அனுப்புங்க' என்று எழுதி, கீழே வங்கிக் கணக்கு எண். பணம் அனுப்புவதில் எனக்குச் சிரமம் இல்லை. ஆனாலும் இரண்டு நாள் பதில் எழுதவில்லை. அந்தப் படத்தில் இருந்தவர்களின் முகத்தில் தெரிந்த சந்தோஷம் எனக்கு நன்றாகத் தெரிந்த சந்தோஷம். 2017-இல் நானும் அப்படி ஒரு படத்தில் நின்றிருக்கிறேன். அதற்குப் பிறகு எங்கள் கண்மாயில் நடந்ததை அவரிடம் எப்படிச் சொல்வது, சொன்னால் நல்ல காரியத்தில் குறுக்கே விழுந்த மாதிரி ஆகிவிடுமோ என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் போன் செய்து அரைமணி நேரம் பேசினேன். பேசி முடித்தும் மனசு ஆறவில்லை.

எங்கள் ஊர் முதுகுளத்தூருக்குத் தெற்கே. புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஊர். கண்மாய் பெருகினால் நெல், அரைகுறையாக வந்தால் மிளகாய், அதுவும் இல்லையென்றால் சென்னை, திருப்பூர், சிங்கப்பூர். நான் சென்னைக்குப் போனவன். பத்திரிகைகளில் சீமைக் கருவேலம் என்று எழுதுவார்கள், எங்கள் பக்கம் வேலிக்கருவை. பேச்சில் வெறும் கருவை. அந்த மரத்தை இங்கே விவரிக்கத் தேவையில்லை. மதுரை தாண்டித் தெற்கேயோ கிழக்கேயோ பேருந்தில் ஒருமுறை போனவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள், மணிக்கணக்கில் அதைத் தவிர வேறெதையும் பார்த்திருக்கவும் மாட்டீர்கள். எனக்கு ஏழு வயதில் குதிகாலில் ஒரு முள் ஏறி உள்ளேயே ஒடிந்துவிட்டது. சீழ் வைத்து, அப்பத்தா உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்து, பதினாறு நாள் நொண்டினேன். அந்த மரத்தின் மேல் எனக்கு இருந்த கோபம் அந்தக் குதிகாலில் தொடங்கியது என்றுதான் நினைக்கிறேன்.

2016 மழை பொய்த்த வருஷம். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. எங்கள் ஊரில் அடுப்புக்கரி நிறத்தில் வெடித்துக் கிடந்த கண்மாயில், பச்சையாக நின்றது கருவை மட்டும்தான். எல்லாம் கருகிக் கிடக்கும்போது ஒன்று மட்டும் பச்சையாக நின்றால், நம் தண்ணீரைக் குடித்தது அதுதான் என்று தோன்றுவது இயல்பு. அடுத்த ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்குக் கூடிய கூட்டம் எங்கள் எல்லோருக்கும் ஒரு தெம்பு கொடுத்திருந்தது. அதே சமயத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்த மரத்தை அகற்றச் சொல்லி உத்தரவிட்டது. வாட்ஸ்அப்பைத் திறந்தால் கருவை பற்றிய செய்திதான். காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிவிடும், ஆக்சிஜனே தராது, கரியமில வாயுவைத்தான் விடும், நிழலில் கட்டின மாடு சினை பிடிக்காது. நான் அதைப் படித்து, நம்பி, நாற்பது பேருக்கு அனுப்பினேன். பள்ளிக்கூடத்தில் ஒளிச்சேர்க்கை படித்தவன்தான் நானும். பச்சை இலை இருக்கிற எந்த மரமும் வெயிலில் ஆக்சிஜன் விடும், இதுவும் விடும். இதன் பெயரில் பொய் சேர்க்க அவசியமே இல்லை, உண்மையே போதுமான அளவுக்கு இருக்கிறது. அரிசோனாவில் ஒரு சுரங்கம் தோண்டியபோது இந்த இனத்து மரம் ஒன்றின் வேரை 53 மீட்டர் ஆழத்தில் பார்த்திருக்கிறார்கள். எங்கள் ஊர்க் கிணறு எதுவும் அதில் பாதி ஆழம்கூட இல்லை. சித்திரை வெயிலிலும் இலை உதிர்த்து முடங்காமல் அடியிலிருந்து நீரை எடுத்துக்கொண்டே இருக்கும். உவர் மண்ணிலும் வரும். அதன் இலைச்சருகு மக்கும் இடத்தில் மற்றவற்றின் விதை எளிதில் முளைக்காது. நெருக்கமாக நின்றால் கீழே புல்லும் வராது.

சரி, ஆரம்பித்தோம். சென்னையிலும் சிங்கப்பூரிலும் குவைத்திலும் இருக்கிற ஊர்க்காரர்களிடம் வசூல் செய்து இரண்டு லட்சத்துச் சொச்சம் சேர்ந்தது. மாசி மாதம், பதினோரு நாள், இரண்டு ஜேசிபி. கண்மாயின் உள்வாய், அதாவது தண்ணீர் நிற்கிற பரப்பு முழுக்க வழித்து எடுத்தோம். மடையிலிருந்து பார்த்தால் எதிர்க்கரை தெரிந்தது. என் வயதுக்காரர்கள் யாரும் அதற்கு முன்னால் எதிர்க்கரையைப் பார்த்ததில்லை. அப்பா மடைக்கல்லில் உட்கார்ந்து, தான் பையனாக இருந்தபோது நீந்தின இடத்தை ஒவ்வொன்றாகக் காட்டினார். அந்தச் சாயங்காலத்தை நான் இன்னும் குறைத்துச் சொல்ல மாட்டேன், அது உண்மையிலேயே பெரிய சந்தோஷம். சில மாதங்களில் உயர் நீதிமன்றம், நிபுணர்கள் ஆராய்ந்த பிறகு பார்க்கலாம் என்று மரம் அகற்றுவதற்கு இடைக்காலத் தடை விதித்தபோது எங்களுக்கு வந்த கோபமும் உண்மைதான். நல்லவேளை, நாம் முன்னாலேயே முடித்துவிட்டோம் என்று பேசிக்கொண்டோம்.

கார்த்திகைக் கடைசியில்

அந்த வருஷம் மழை மோசமில்லை. கார்த்திகைக் கடைசியில், தண்ணீர் பார்க்கலாம் என்று ஊருக்குப் போனேன். மடைப் பக்கம் இடுப்பளவு நின்றது. தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்கால் இரண்டு இடத்தில் தூர்ந்து கிடந்ததால் கண்மாய் பாதிக்கு மேல் ஏறவில்லை. மேட்டு உள்வாய் ஈரமாக, ஆனால் தண்ணீர் நிற்காமல் இருந்தது. கரையில் நின்று பார்த்தபோது அந்த ஈரமண்ணில் பச்சைக் கோடுகள் தெரிந்தன. யாரோ நாற்று பாவியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். சில கோடுகள் நேராக இருந்தன, சில வளைந்து போய் ஓரிடத்தில் திட்டாகச் சேர்ந்தன. இறங்கிப் போய்ப் பார்த்தேன். வளைந்து போன கோடு ஆட்டுத்தடம். திட்டு, மத்தியானத்தில் ஆடுகள் படுத்துக் கிடக்கிற இடம். நேர்க்கோடு, ஜேசிபியின் சங்கிலி உருண்ட தடம், அதன் பள்ளத்தில் ஈரம் கூடுதல். குனிந்து ஒரு செடியைப் பிடுங்கினேன். கட்டைவிரல் உயரம், அடியில் தடித்த இரண்டு விதையிலை, மேலே இறகு மாதிரி மூன்று இணுக்கு. கருவை. வேர் ஒரு சாண். வேரோடு ஒட்டிக்கொண்டு நொறுங்கியது ஒரு ஆட்டுப் புழுக்கை. பக்கத்தில் மாட்டுச் சாணம் ஒன்று காய்ந்து, மழையில் ஊறிக் கிடந்தது. அதில் முளைத்திருந்ததை உட்கார்ந்து எண்ணினேன். முப்பத்தேழு. ஒரே ஒரு சாணியில்.

ஜேசிபி பிடுங்கின இடங்களும் சும்மா இல்லை. நாங்கள் வேரோடு எடுத்ததாக நினைத்த பல அடித்தூர்கள் மண்ணுக்குள் முறிந்து நின்றிருக்கின்றன. ஒற்றைத் தண்டாக இருந்த இடத்தில் எட்டும் பத்துமாகக் குச்சிகள் பொங்கி வந்திருந்தன. கரையோரம் நாங்கள் குவித்துவிட்டுப் போன கிளைக் குப்பையைச் சுற்றி நடக்க முடியாத அளவுக்கு முளைப்பு.

அங்கே மாமா வந்தார். அம்மாவின் பெரியப்பா மகன், அறுபது எழுபது ஆடு வைத்திருப்பவர். நான் உட்கார்ந்து சாணியைக் கிளறிக்கொண்டிருப்பதைப் பார்த்து, அவரும் துண்டை விரித்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். "காய் பழுக்கிறது சித்திரை வைகாசில மாப்ள. கண்மாய்ல நீங்க எடுத்துட்டீங்க, சுத்தி இருக்கிற தரிசு பூரா நிக்குதுல்ல. ஆடு அங்க மேஞ்சிட்டு, தண்ணிக்கும் படுக்கைக்கும் இங்கதான் வரும். முன்னாடி உள்ள வர எடமில்லாம இருந்துச்சு. நீங்க நல்லா மைதானமாட்டம் ஆக்கிக் குடுத்துட்டீங்க." பிறகு முளைத்து நின்ற ஒரு தூரைக் கம்பால் தட்டிக் காட்டினார். "மண்ணுக்குள்ள ஒரு சாண் வரைக்கும் இதுக்குத் துளிர் விடுற கண்ணு இருக்கு. அதுக்குக் கீழ போய் அறுத்து எடுத்தாத்தான் சாகும். மேல எங்க வெட்டினாலும் வளப்பமாத்தான் வரும்."

இதையெல்லாம் அப்போதே ஏன் மாமா சொல்லவில்லை என்று கேட்டேன். கொஞ்சம் எரிச்சலோடுதான் கேட்டேன்.

"மாலை போட்டு, படம் புடிச்சு, மைக்கு வச்சுப் பேசிக்கிட்டு இருக்கீங்க. ஆடு மேய்க்கிறவன் குறுக்க வந்து பேசினா நல்லாவா இருக்கும்? நீங்க யாரும் கேக்கலயே மாப்ள."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னார். அதனால்தான் அது எனக்குள் அப்படியே தங்கிவிட்டது. நாங்கள் நாலைந்து கூட்டம் போட்டோம். வழக்கறிஞர் வந்தார், பொறியாளர் வந்தார், சென்னையிலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்து ஆட்கள் வந்தார்கள். அந்த மரத்தோடு தினமும் பத்து மணி நேரம் இருக்கிற மனிதரை ஒரு கூட்டத்துக்கும் கூப்பிடவில்லை. அவருடைய ஆடுகள்தான் அதை விதைக்கின்றன என்பதும், எந்த மாதத்தில் விதைக்கின்றன என்பதும், எத்தனை நாளில் புழுக்கையோடு வெளியே வருகிறது என்பதும் அவருக்குத் தெரியும்.

அப்புறம் நான் தேடிப் படித்தவை எல்லாம் மாமா சொன்னதற்கு உரை எழுதினது போலத்தான் இருந்தன. நெற்று, அதாவது பழுத்து முற்றின காய், இனிப்பு. சர்க்கரைச் சத்து நிறைய. அந்த இனிப்புதான் ஆட்டுக்கும் மாட்டுக்கும் மரம் கொடுக்கிற கூலி. விதையைச் சுற்றிக் கெட்டியான ஒரு ஓடு, அதற்குள் விதைக்கு மறுபடி ஒரு தோல். நேராக மண்ணில் விழுந்தால் வருஷக்கணக்கில் முளைக்காமல் கிடக்கும். வயிற்றுக்குள் போய் வந்தால் ஓடு கழன்று, தோல் இளகி, எருவோடு சேர்ந்து, மேய்ச்சல் நிலத்திலோ நீர்நிலை ஓரத்திலோ விழும். கோடியக்கரைப் புல்வெளியிலும் இதே கதைதான், அங்கே வெளிமான்களே இதன் நெற்றைத் தின்று பரப்புகின்றன. நாங்கள் நீரைத் தேக்குவதற்காகத் திறந்துவிட்ட இடம், கருவைக்கு நாற்றங்கால் ஆகிவிட்டது. 2020 மழைக்குள் கண்மாயின் மேட்டுப் பகுதி பழையபடி ஆகிவிட்டது. பழையபடி என்பதும் சரியில்லை. முன்னால் பெரிய மரங்கள், நடுவே ஆள் புகுந்து போக வழி இருந்தது. இப்போது இடுப்புயரப் புதர், கைவைக்க இடமில்லை.

வேலி என்ற சொல்

இந்த மரத்தை யார் கொண்டுவந்தது என்று ஊரில் கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். காமராஜர் காலத்தில் விறகுப் பஞ்சத்துக்காக விமானத்திலிருந்து தூவினார்கள் என்பது எங்கள் பக்கத்தில் பிரபலம். அதற்கு எவ்வளவோ முன்னாலேயே வந்துவிட்டது. சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெடோம் என்ற அதிகாரி 1876-இல் இதன் விதையைக் கேட்டுக் கடிதம் எழுதி, ஜமைக்காவிலிருந்து வந்த விதையை 1877-இல் கடப்பைப் பக்கம் கமலாபுரத்தில் விதைத்தார்கள். வறண்ட நிலத்தில் சீக்கிரம் வளர்ந்து விறகு தரும் என்பதுதான் எதிர்பார்ப்பு, அந்த எதிர்பார்ப்பில் மரம் ஒரு குறையும் வைக்கவில்லை. குஜராத்தின் கட்ச் பகுதியில், ரண் என்கிற உப்புப் பாலைவனம் முன்னேறி வருவதைத் தடுக்க 1961-இல் வனத்துறை பன்னிப் புல்வெளியின் ஓரத்தில் இதைப் போட்டது. இன்று அந்தப் புல்வெளியில் பாதிக்கு மேல் கருவை. அங்கே இதன் பெயர் 'காண்டோ பாவள்', அதாவது பைத்தியக் கருவேல். கென்யாவின் பரிங்கோ ஏரிக்கரை மேய்ச்சல்காரர்கள், இந்த நெற்றின் சர்க்கரையால் பல் எல்லாம் போன ஒரு ஆட்டை நைரோபி நீதிமன்றத்துக்கே சாட்சியாகக் கொண்டுபோனார்கள். அதைப் படித்தபோது எனக்கு மாமாவின் ஆடுகள்தான் நினைவுக்கு வந்தன. எங்கோ ஆப்பிரிக்காவில் ஒருவர் தன் ஆட்டைத் தூக்கிக்கொண்டு படியேறியிருக்கிறார், நாங்கள் எங்கள் ஊர்க் கூட்டத்துக்குக்கூட மாமாவை ஏற்றவில்லை.

பெடோம் என்கிற பெயர் கிடைத்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது, ஒத்துக்கொள்ள வேண்டும். வெள்ளைக்காரன் போட்டது, அரசாங்கம் போட்டது. அந்த நிம்மதியை அப்பா ஒரே வாக்கியத்தில் எடுத்துவிட்டார். "கடப்பையில போட்டது அவனா இருக்கலாம். நம்ம புஞ்சையில போட்டது உங்க தாத்தா." அறுபதுகளின் தொடக்கத்தில் தாத்தா அரைப்படி விதை வாங்கிவந்து, வெந்நீரில் ஊறப்போட்டு, மிளகாய்ப் புஞ்சையைச் சுற்றி வரப்போரம் ஊன்றியிருக்கிறார். அதுவரை ஒவ்வொரு வருஷமும் உடைமுள் வெட்டி வந்து வேலி அடைப்பது பெரிய வேலை, அடைத்தது கோடையில் கறையான் அரித்து விழுந்துவிடும். இது தானே வளர்கிற வேலி, மாடு கடிக்காத இலை. ஊரில் பலரும் அப்படித்தான் ஊன்றினார்களாம். வேலிக்கருவை, வேலிக்காத்தான் என்று பிறந்ததிலிருந்து சொல்கிறேன். அந்தப் பெயரின் முதல் பாதியில் என்ன இருக்கிறது என்று எனக்கு அன்றுவரை காதில் விழவே இல்லை. இது எங்கிருந்தோ வந்து புகுந்ததாகப் பேசிக்கொண்டிருந்தேன். ஊன்றினவர்களே பெயரும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

தாத்தாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் காலத்தில் நிலம் சும்மா கிடக்கவில்லை. வேலியில் இருந்து புஞ்சைக்குள் ஒரு முளை வந்தால் அடுத்த உழவில் போய்விடும். கண்மாயில் வருஷா வருஷம் குடிமராமத்து நடந்தது. ஆள் இருந்தவரை வேலி வேலியாகவே இருந்தது. எண்பதுகளில் ஒவ்வொரு வீடாகக் கிளம்பினோம். உழாத புஞ்சையில் முதல் வருஷம் ஒரு முளை, மூன்றாம் வருஷம் காய். நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்த தொண்ணூற்றேழில் எங்கள் புஞ்சையில் கடைசியாக ஏர் ஓடியது. இப்போது அங்கே உள்ளே நுழைய வழியில்லை. இதே பேரினத்தில் சேர்த்து எண்ணப்பட்ட ஒரு மரம் நம்மூரிலேயே இருக்கிறது, வன்னி. விருத்தாசலம் கோயிலில் தல மரம், விஜயதசமிக்கு அம்பு போடுவோம். அதுவும் முள் மரம், அதுவும் வறட்சி தாங்கும், அதன் நெற்றையும் ஆடு தின்னும். ஆனால் வன்னி தன் இடத்தில் நிற்கிறது, மெதுவாக வளர்கிறது. இந்த மண்ணில் அதைத் தின்னும் பூச்சியும் அரிக்கும் வண்டும் அதோடு சேர்ந்தே வளர்ந்தவை. சீமையிலிருந்து வந்த உறவுக்காரன் அப்படி எதையும் கூடக் கூட்டிவரவில்லை.

மூட்டம்

எங்கள் ஊரில் நெல் விளையாத வருஷங்களில் அடுப்பு எரிந்தது கரிமூட்டத்தால். இதைச் சொல்லாமல் கருவையைப் பற்றிப் பேசுகிற எதையும் இப்போது என்னால் முழுதாக ஏற்க முடிவதில்லை. கமுதி, முதுகுளத்தூர், கடலாடி, சாயல்குடி என்று எந்தச் சாலையில் போனாலும் புகை தெரியும். வெட்டின கட்டையைக் கூம்பாக அடுக்கி, மேலே வைக்கோலும் தழையும் பரப்பி, களிமண் பூசித் தீ வைத்து, ராத்திரி பகலாகக் காவல் இருக்க வேண்டும். எங்கேயாவது மண் வெடித்துக் காற்று புகுந்தால் எல்லாம் சாம்பல். வெள்ளைப் புகை மெலிந்து நீலமாக ஆனால் வெந்துவிட்டது என்று அர்த்தம். ஏறத்தாழ நாலைந்து டன் விறகுக்கு ஒரு டன் கரி. என் சின்னம்மா ஒருவர் இருபது வருஷமாக அந்த வேலை செய்கிறார். அவர் கையில் முள் கீறாத இடம் கிடையாது, மார்கழியில் இருமல் நிற்காது. இதை நல்ல பிழைப்பு என்று நான் சொல்லவில்லை, அவரும் சொல்ல மாட்டார். ஆனால் 2017-இல் நாங்கள் ஜேசிபி வைத்து வழித்தபோது, அந்த வருஷம் கண்மாய் மரத்தை ஏலம் எடுக்க இருந்தவர்களுக்கு வேலை போனது. அது எங்கள் கணக்கிலேயே வரவில்லை.

சின்னம்மாவிடம் ஒருநாள் கண்மாயில் தூர் முறிந்து மறுபடி துளிர்த்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டார்: "தூரை ஏம்ப்பா விட்டீங்க? அதுலதான காசே." அப்போதுதான் எனக்கு அது தெரியவந்தது. கிளைக் கரியைவிட, அடித்தூரை எரித்த கரிக்கு விலை அதிகம். கெட்டியாக இருக்கும், நின்று எரியும். அதனால் மூட்டத்துக்கு வெட்டுகிறவர்கள் கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்து மண்ணுக்குள் முழ ஆழம் தோண்டித் தூரை முழுசாக எடுப்பார்கள். மாமா சொன்னாரே, கண் இருக்கிற சாண் ஆழம், அதற்கும் கீழே. நாங்கள் இரண்டு லட்சம் செலவழித்து அரைகுறையாகச் செய்ததை, விலை கொடுத்து வாங்கிக்கொண்டு முழுசாகச் செய்கிற ஆட்கள் எங்கள் தெருவிலேயே இருந்திருக்கிறார்கள்.

இங்கே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வழித்து எடுப்பதும் சரியில்லை. எங்களுக்குப் பக்கத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் இரண்டும் பறவைகள் சரணாலயம், 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தன. அங்கே நாரையும் கொக்கும் கூடு கட்டுவது நாட்டுக்கருவேலத்திலும் இதே சீமைக் கருவையிலும்தான். கூடு கட்ட வேறு மரம் வளர்ந்து நிற்கும் முன்னால் இதை எடுத்தால் பறவை எங்கே போகும்? என் கருத்து இதுதான்: கண்மாய் உள்வாயிலும் வரத்துக்காலிலும் ஒன்றுகூட நிற்கக் கூடாது. தரிசாகக் கிடக்கிற பட்டா நிலத்தில், உழ ஆள் வருகிறவரை, அது கரிக்காரர்களின் பயிராக இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் நெற்று பழுக்க விடாமல் முறைபோட்டு வெட்ட வேண்டும். தமிழ்நாடு அரசு 2022-இல் அயல் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டிருக்கிறது. காடுகளில் உண்ணிச்செடி, மஞ்சள் கொன்றை, சமவெளியில் இது என்று பெரிய வேலை. அது நடக்கட்டும். ஒரு கண்மாய்க்கு வேண்டியது அந்த ஊருக்குள்ளேயே முடிவாக வேண்டும்.

தை மாத வேலை

2021-இல் மறுபடி ஆரம்பித்தோம். இந்த முறை முதல் கூட்டம் மாமா வீட்டுத் திண்ணையில். ஜேசிபியை வரத்துக்கால் தூர்வார மட்டும் வைத்தோம். அது மாமா சொன்ன யோசனைதான். தண்ணீர் இரண்டு மாதம் தலைக்கு மேல் நின்றால் சின்ன முளை அழுகிவிடும், கண்மாய் நிறைந்தாலே பாதி வேலை முடிந்தது என்றார். அடுத்த வருஷமே மேட்டு உள்வாய் வரை நீர் ஏறியது, அவர் சொன்னபடியே அங்கே முளைப்பு குறைந்தது. தூர் எடுக்கிற வேலையைச் சின்னம்மா ஆட்களிடம் விட்டோம். ஏலத்தில் ஒரே நிபந்தனை, தூர் உள்ளே நிற்கக் கூடாது. சித்திரை வைகாசியில் மாமா தன் ஆடுகளைக் கண்மாய்க்குள் அடைப்பதில்லை. உழவு நடக்கிற புஞ்சைகளில் கிடை போடுகிறார். அங்கே புழுக்கையில் எது முளைத்தாலும் புரட்டாசி உழவில் போய்விடுகிறது, புஞ்சைக்காரருக்கு எருவும் ஆச்சு.

மிச்சம் இருப்பது தை மாத வேலை. தண்ணீர் வற்றி, மண் இன்னும் இளகி இருக்கிற பத்துப் பதினைந்து நாள். அந்த நாட்களில் கையாலேயே பிடுங்கலாம், மாசி முடிந்தால் கடப்பாரை வேண்டும். வரிசையாக நின்று, குனிந்து, விரல் நீளச் செடிகளைப் பிடுங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டே நடப்பது. முதல் தையில் எண்ண முடியவில்லை. அடுத்த வருஷம் பதினொரு சாக்கு. போன வருஷம் நாலு. யாரும் மாலை போடுவதில்லை, படம் எடுக்க அங்கே ஒன்றும் இல்லை, முதுகு வலிக்கும். விதை மண்ணுக்குள் இன்னும் எத்தனை வருஷம் கிடக்குமோ அத்தனை தைக்கும் போக வேண்டும். நான் அதற்காக நான்கு நாள் விடுமுறையைப் பொங்கலோடு சேர்த்து எடுத்துக்கொள்கிறேன். மடையோரம் அப்பா நாட்டுக்கருவேல் விதை ஊன்றியிருக்கிறார், அதில் ஒன்பது ஆள் உயரம் வந்துவிட்டன.

போனில் நண்பரிடம் சொன்னது இவ்வளவுதான். சேர்ந்த பணம் முழுவதையும் இந்த மாசியிலேயே செலவழிக்க வேண்டாம், பாதியை அடுத்த ஐந்து தைக்கு எடுத்துவையுங்கள், உங்கள் ஊரில் ஆடு மேய்க்கிறவர் யார், மூட்டம் போடுகிறவர் யார் என்று முதலில் கேளுங்கள். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ ஜேசிபியை அனுப்பிடவா?" என்றார். வரத்துக்காலுக்கு அனுப்புங்கள் என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் கண்மாய்க்கு வந்தார். மாமா கூட்டிக்கொண்டு போய், ஆட்டுத்தடத்தில் இந்தத் தையில் எங்கள் கண்ணுக்குத் தப்பின முளைகளைக் காட்டினார். நண்பர் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து ஒன்றைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். தண்டு கையோடு வந்துவிட்டது.

"வேரு உள்ளேயே நின்னுருச்சு," என்றார் மாமா. "விரலை மண்ணுக்குள்ள விட்டுப் புடிங்க தம்பி. மெதுவா."